ஆய்வு செய்யப்பட மட்டும்தானா கறுப்பர்கள்?

1932 முதல் 1972 வரை, நாற்பது ஆண்டுகள், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. சிஃபிலிஸ் நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக! பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தபோது யாரும் தகுதி, திறமை பற்றிப் பேசவில்லை.

ஹெச்.ஐ.வி. ஆய்வுக்கூடத்திற்குள் கறுப்பின மாணவர் நுழையும்போது மட்டும் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. (இட ஒதுக்கீட்டு விவாதங்களைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இந்தப் பல்லவி புதிதா என்ன?)

அமெரிக்காவில் நூறு பேரில் 12, 13 பேர்தான் கறுப்பர்கள். ஆனால் ஆண்டுதோறும் புதிதாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்படுவோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்களே. 2012இல் தடுப்பு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இன்றும் அது வெள்ளையர்களைச் சேரும் அளவுக்குக் கறுப்பர்களைச் சேரவில்லை. மருந்து கையில் இருந்தும் நோய் ஏன் போதிய அளவு குறையவில்லை? டஸ்கீகியின் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பாதி விடை தெரியும். அவர்களை ஆய்வாளர்களாக்குவது தர்மம் அல்ல, ஆய்வின் தேவை.

"திறமை இருந்தால் தானாக வரட்டுமே" என்கிறார்கள். எப்படி வருவது? கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் நின்று பழக வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால் முடியும். விடுமுறையில் வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவத்துக் கட்டணம் என்றிருப்பவரால் முடியாது. உதவித்தொகையோடு பயிற்சி தருவது இதற்காகத்தான்.

படித்து முடித்து வந்தாலாவது சமமா? அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் ஆய்வு நிதி கேட்டவர்களில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு வெற்றி வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அவர்கள் எடுக்கும் தலைப்புகளும் இதற்கு ஒரு காரணம் என்றது 2019இல் வந்த இன்னோர் ஆய்வு. சமூகத்தில் நோய் எப்படிப் பரவுகிறது என்று கேட்கும் தலைப்புகளுக்குப் பணம் குறைவாகக் கிடைக்கிறதாம். ஹெச்.ஐ.வி.யில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதானே!

2021இல் அந்த நிறுவனங்களின் எய்ட்ஸ் ஆய்வு மையங்கள் பள்ளி மாணவர்களிலிருந்தே ஆள் வளர்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 2025இல் டிரம்ப் அரசு, 'பன்முகத்தன்மை' என்ற வாசனை வந்த திட்டங்களையெல்லாம் வெட்டத் தொடங்கியது. சிறுபான்மை மாணவர்களை ஆய்வுக்குத் தயார் செய்து வந்த பல ஆண்டுப் பயிற்சித் திட்டங்களும் போயின. ஜூனில் பாஸ்டன் நீதிபதி ஒருவர் நிதி ரத்துகள் சட்டவிரோதம் என்றார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அரசின் வெட்டுகளுக்கு வழிவிட்டது. கோடை விடுமுறை அதற்குள் முடிந்திருந்தது.