சோற்றுப் பொட்டலமும் கூலிப் பாக்கியும்



ஜோகூர்த் தோட்டங்களில் பிள்ளைகளைச் சிங்கப்பூர் வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர். ஆகவே சிராங்கூன் ரோடும் தேக்கா மார்க்கெட்டும் நமக்கு அந்நிய இடங்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் கால் வைக்க இடம் இருக்காது. தஞ்சாவூர்க்காரரும் புதுக்கோட்டைக்காரரும் பங்களாதேஷ்காரரும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கட்டடம் கட்டுகிறவர்கள், கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள், சாக்கடை தோண்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த சகோதர சகோதரிகளையும் பார்க்கலாம். கையில் சோற்றுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், சில பேர் கையில் கைப்பிரதி. "ஊழியம் செய்கிறோம்" என்பார்கள். நல்ல காரியம்தான். பசித்தவனுக்குச் சோறு போடுகிற கையைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டே ஆக வேண்டும். ஞாயிறு பொட்டலம் சரி, திங்கட்கிழமை காலையில் அந்தத் தொழிலாளிக்கு என்ன தேவை? அதைக் கேட்கிற ஊழியம் எது?

ஊழியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சபையில் அதற்குத் தேவ பணி என்று பொருள். தோட்டத்தில் வேலைக்காரனை ஊழியன் என்கிறோம். ஒரே சொல்தான். உழைக்கிறவனுக்குப் பக்கத்தில் போய் நிற்காத ஊழியத்துக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

சிங்கப்பூரில் அடிபட்ட தொழிலாளியின் நிலையைப் பாருங்கள். சாரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்தவன் ஒருவன். ஊரில் நிலத்தை அடகு வைத்து, வீட்டுப் பெண்களின் நகையை விற்று, ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன். கடன் இன்னும் தீரவில்லை. நஷ்டஈட்டு வழக்கு நடக்கும்போது அவனுடைய வேலை பெர்மிட் ரத்தாகிவிட்டால், ‘ஸ்பெஷல் பாஸ்’ என்ற ஒரு சீட்டுக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி இல்லை. வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும். சம்பளம் இல்லாமல் எதைத் தின்பான்? எங்கே படுப்பான்? ஊரிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வான்?

இந்த இடைவெளிதான் பெரிய குழி. சட்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் நஷ்டஈடு கேட்கலாம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டும் கட்டாயம். ஆனால் சட்டம் கையில் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி? அங்கேதான் உண்மையான ஊழியத்துக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலையைச் செய்தவர்கள் உண்டு. லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு என்று ஒரு சிறிய தெரு. டி.டபிள்யூ.சி.டூ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொண்டர் அமைப்பு 2008-ல் அங்கே சாப்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடிபட்டவர்களுக்கும் கூலிப் பாக்கிக்காக வழக்காடுகிறவர்களுக்கும் இலவசச் சாப்பாடு. அது சமயம் சாராத அமைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பிட வருகிறவனிடம் "வழக்கு எந்த மட்டில் இருக்கிறது?" என்று கேட்டு, காகிதத்தை வாங்கிப் படித்து, அடுத்து எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வதுதான் அதன் சிறப்பு. சோறும் நியாயமும் ஒரே மேசையில்.

கிறிஸ்தவ விசுவாசத்தால் உந்தப்பட்டுக் கிளம்பியவர்களும் உண்டு. டாக்டர் கோ வெய் லியோங் ஒரு குடும்ப மருத்துவர். அவரும் டாங் ஷின் யோங் என்ற வணிகரும் சேர்ந்து 2006-ல் ‘ஹெல்த்செர்வ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கேலாங் பகுதியில், தொழிலாளர் குறைந்த செலவில் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஒரு கிளினிக் வைத்தார்கள். வெறும் மாத்திரை கொடுப்பதோடு நிற்கவில்லை. நோயாளியின் கூலிப் பிரச்சினை, விபத்து வழக்கு, மனக்கஷ்டம் எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கினார்கள். டாக்டர் கோவுக்கு 2017-ஆம் ஆண்டுக்கான சிறந்த சிங்கப்பூரர் விருதை ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ பத்திரிகை கொடுத்தது.

பிரிட்ஜெட் டான் என்ற கத்தோலிக்க அம்மையாரை நம் வீட்டுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கான கத்தோலிக்கத் திருச்சபையின் பணிக்குழுவில் உழைத்தவர் அவர். 2004-ல் ‘ஹோம்’ என்ற அமைப்பை நிறுவினார். அடி தாங்காமல், சம்பளம் கிடைக்காமல், முதலாளி வீட்டை விட்டு ஓடிவந்த வேலைக்காரப் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அந்த அமைப்பும் மற்ற அமைப்புகளும் ஓயாமல் குரல் கொடுத்தன. 2013 ஜனவரி முதல், புதிதாகவோ புதுப்பித்தோ எடுக்கப்பட்ட பெர்மிட்டுகளுக்கு வார ஓய்வு நாள் சட்டமானது. ஓய்வுக்குப் பதில் காசு கொடுக்கலாம் என்ற ஓட்டை அதில் இருந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்துத் தட்டிக் கழிக்க முடியாது என்று அந்த ஓட்டையும் கொஞ்சம் அடைபட்டது. அம்மையார் 2022-ல் காலமானார்.

சோறு போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். "ஏன் இவனுக்குச் சோறு இல்லை?" என்று கேட்டால்தான் முகம் மாறும். சிங்கப்பூர்ச் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கேலாங் கத்தோலிக்க நிலையம் 1980-ல் பாதிரியார் ஒருவரால் தொடங்கப்பட்டு, வெளிநாட்டு வேலைக்காரப் பெண்களுக்கும் துணை நின்றது. 1987 மே, ஜூன் மாதங்களில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 22 பேர் விசாரணையின்றிப் பிடித்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் திருச்சபைத் தொண்டர்களும் இருந்தார்கள். மார்க்சியச் சதி என்றது அரசாங்கம். இல்லவே இல்லை என்று பிற்பாடு பலர் மறுத்தார்கள். இதை இங்கே சொல்வது வம்பு வளர்க்க அல்ல. நியாயம் கேட்கிற ஊழியத்துக்கு விலை உண்டு என்பதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

கொரோனா வந்தபோது எல்லாருடைய ஊழியமும் சோதிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. ஓர் அறையில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கமே கணக்குச் சொன்னது, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவீதம் பேரை நோய் தொட்டுவிட்டது என்று. அப்போது போதகர் சாமுவேல் கிஃப்ட் ஸ்டீபன் தலைமையிலான சபைகளின் கூட்டமைப்பு, தொழிற்சாலைகளுக்குள் இருந்த விடுதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்த்தது. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று அந்த வாசலில் பார்க்க முடியுமா? பசிக்கு ஜாதியும் இல்லை, வேதமும் இல்லை.

இங்கே நம் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிரதியை வாங்கினால்தான் பொட்டலம் என்று யாராவது செய்தால், அது தர்மம் அல்ல, வியாபாரம். நல்ல சமாரியன் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அவன் தூக்கினான், காயம் கட்டினான். அதோடு போய்விடவில்லை. சத்திரக்காரன் கையில் காசு கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த "திரும்பி வருவேன்" என்பதுதான் கதையின் உயிர். உன் மதம் என்ன என்று அவன் கேட்டதாகக் கதையில் இல்லை. யாக்கோபின் நிருபமோ இன்னும் கடுமையானது. வேலை செய்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரல் போடும், அது கடவுளின் காதில் விழும் என்கிறது. அப்படியானால், தொழிலாளிக்குச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டுக் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து காணிக்கை போடுகிற முதலாளியைப் பார்த்து, சபை என்ன சொல்ல வேண்டும்?

"சம்பள விவகாரம் கவர்மெண்டு வேலை, ஆத்துமாவைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை" என்று சொல்கிற மூப்பர்கள் உண்டு. அவர்கள் தீனபந்து ஆண்ட்ரூஸ் ஐயாவை நினைக்க வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து, டில்லியில் மிஷன் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் சி. எப். ஆண்ட்ரூஸ். 1915-ல் பியர்சன் என்ற நண்பரோடு ஃபிஜித் தீவுக்குக் கப்பலேறினார். கரும்புத் தோட்டத்து லயங்களுக்குள் நுழைந்து, ஒப்பந்தக் கூலிகள் படும் பாட்டைக் கண்ணால் கண்டு, அறிக்கையாக எழுதி உலகத்தின் முன்னால் வைத்தார். இந்தியாவிலும் கிளர்ச்சி மூண்டது. 1917-ல் ஆள் எடுப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. லயத்துக்குள் போய்க் கணக்கெடுத்ததுதான் அவர் செய்த ஊழியம்.

நம் முன்னோரும் அப்படி வந்தவர்கள்தாம். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது. கங்காணி முறையும் இருந்தது, முன்பணக் கடனும் இருந்தது. 1938-ல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடுக்கும்வரை அது ஓடியது. சிங்கப்பூரில் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயில் 1888-ல் எழுந்ததே தமிழ்க் கத்தோலிக்கருக்காகத்தான். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது, டார்செட் ரோட்டில் 1941-ல் திறந்த தமிழ் ஆங்கிலிக்கன் கோயில் இருக்கிறது. கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் கோயில்கள் இவை. இன்று கடல் தாண்டி வருகிறவனுக்கு முதலில் திறக்க வேண்டியவை இந்தக் கதவுகள் அல்லவா?

சிங்கப்பூர்க்காரருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் தோட்டத்தைப் பாருங்கள். நாம் குடியிருந்த பழைய லயங்களில் இன்று யார்? இந்தோனேசியாக்காரர், பங்களாதேஷ்காரர், நேப்பாளி. "நம்ம வேலையைப் புடுங்க வந்துட்டானுங்க" என்று பேசுகிறோம். வேலையைப் பறித்தது அவனா, குறைந்த கூலிக்கு ஆள் தேடிய முதலாளியா? அவன் கழுத்திலும் ஏஜெண்டுக் கடன்தான் தொங்குகிறது. நம் பிள்ளைக்கு அக்கரையில் யாராவது ஒருவர் துணை நிற்க மாட்டாரா என்று ஏங்குகிறோமே, அவனுடைய தாயும் எங்கோ ஒரு கிராமத்தில் அப்படித்தானே ஏங்குகிறாள்?

பெரிய பணம் வேண்டாம். தோட்டத்துச் சபையாரும், மாரியம்மன் கோயில் கமிட்டியாரும், நாங்கள் சங்கத்துக்காரர்களும் சேர்ந்தால் செய்யக்கூடியவை இவை. வேலையில் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முறை வைத்துக்கொள்ளலாம். அந்நியத் தொழிலாளருக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோ விபத்துப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாரத்தை எழுதிக் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது சட்டப்படி தவறு என்று அவனுக்குச் சொல்லலாம். சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டலாம். காணிக்கையில் ஒரு பங்கை, வழக்கு முடியும்வரை ஒரு குடும்பத்தின் அரிசிக்கு ஒதுக்கலாம். சிங்கப்பூர் போகிற நம் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்: சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதே, புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, அடிபட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, வேலையில் நடந்தது என்று சொல்.

சங்கத்துத் தோழர்களுக்கும் ஒன்று. "தர்மம் தொழிலாளியைப் பிச்சைக்காரனாக்கும், உரிமைதான் வேண்டும்" என்று மேடையில் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் வழக்கில் ஜெயிக்கிறவரை தொழிலாளி பட்டினி கிடந்தால், பாதியிலேயே கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். அப்போது உரிமையும் போச்சு. சோறு போடுகிறவனை ஏளனம் செய்யாதீர்கள், அவனோடு போய் உட்காருங்கள். அவனிடம் அரிசி இருக்கிறது, நம்மிடம் சட்டப் புத்தகம் இருக்கிறது. இரண்டும் சேர வேண்டும்.

எங்களில் சிவன் கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, எங்கேயும் போகாதவரும் உண்டு. ஒரு சபையின் விசுவாசத்தை அதன் கோபுர உயரத்தை வைத்து நாங்கள் அளக்கப் போவதில்லை. அந்தச் சபைக்குப் பக்கத்தில் கூலி கிடைக்காமல் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது கூலி வாங்கிக் கொடுத்தது என்றுதான் கேட்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பூசை முடிந்ததும், பக்கத்து லயத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். "சம்பளம் ஒழுங்கா வருதா, தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் போங்கள்.