ஆயா வீட்டு மூன்று படிகள்



உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். ஒரு வீட்டுத் திண்ணைக்கு 3 படிகள். ஒவ்வொரு படியும் 6 அங்குலம். அந்தத் தெருவில் 4 முறை ரோடு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜல்லியும் தாருமாக 4 அங்குலம் உயர்ந்தது. இப்போது திண்ணைக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கும்?

முந்நாறு பதினெட்டு. நானாறு... இல்லை, நாலு நாலு பதினாறு. பதினெட்டில் பதினாறு போனால் மிச்சம் இரண்டே அங்குலம்! உங்கள் சுண்டுவிரல் நீளம்தான்.

இது புத்தகக் கணக்கு இல்லை. பாகூரில் எங்கள் தெருவில் இருக்கும் இட்லிக்கடை ஆயா வீட்டுக் கணக்கு.

1983-ல் நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிது. அப்போது எங்கள் தெரு மண் ரோடு. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் ஆயா வீட்டுப் படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். பாகூர்ப் பக்கத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்த வயல் அரிசியில் அரைத்த மாவு, ஆவி பறக்கும் இட்லி, வேர்க்கடலைச் சட்னி. வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழும் உண்டு, தொட்டுக்கொள்ளக் கருவாடு. நான் மூன்றாம் படியில் உட்காருவேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் முதல் படியில் உட்காருவார்கள். "சாரே, இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று ஆயா கேட்பது இப்போதும் காதில் இருக்கிறது.

இன்று அந்தப் படிகள் இல்லை. யாரும் இடிக்கவில்லை. ரோடுதான் விழுங்கிவிட்டது!

பழைய ரோடு குண்டும் குழியுமாகும். நாமும் "ரோடு போடுங்கள், ரோடு போடுங்கள்" என்று கேட்போம். ஒரு நாள் லாரி வரும். பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, ரோடு ரோலரை உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பார்க்கப் பளபள என்று இருக்கும். நாமும் கைதட்டுவோம். ஆனால் ரோடு ஒரு படி ஏறிவிட்டது, வீடு ஒரு படி இறங்கிவிட்டது என்பதை மழை வரும்வரை யாரும் கவனிப்பதில்லை.

மழை வந்தது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை ஆற்று வெள்ளமும் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. அவ்வளவு பெரிய மழைக்கு எந்தத் தெருவும் தாங்காதுதான். அதற்கு ரோட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மற்றத் தெருக்களில் தண்ணீர் வடிந்த பிறகும் ஆயா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது ஏன்? ரோடு மேடு, வீடு பள்ளம். தண்ணீருக்குத் தெரிந்த ஒரே பாடம், பள்ளத்தைப் பார்த்து ஓடுவது. மாவு அரைக்கும் கிரைண்டர் கெட்டது. அரிசி மூட்டை ஊறி நாறியது. எண்பது வயதைத் தாண்டிய ஆயா, கட்டில் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளிடம் வாத்தியார் பொய் சொல்லக்கூடாது.

ரோடு உயர்ந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டு வாசலில் 4 வண்டி மண் கொட்டி மேடாக்கினேன். வண்டி ஏற்றுவதற்காக வாய்க்காலை மூடிச் சிமென்ட் போட்டேன். என் வீட்டில் தண்ணீர் வரவில்லை. "நல்லவேளை, முன்யோசனையாகச் செய்தோம்" என்று நினைத்துக்கொண்டேன். என் வாசலுக்கு வரவேண்டிய தண்ணீர் எங்கே போயிற்று என்று யோசிக்கவில்லை. அது ஆயா வீட்டுக்குப் போயிற்று! அவர் கையால் எத்தனை வருடம் சாப்பிட்டவன் நான்!

தண்ணீர் வடிந்ததும் ஆள் வைத்து அந்தச் சிமென்ட்டை உடைத்தேன். இப்போது வாய்க்கால் மேல் எடுத்து வைக்கிற மாதிரி கற்பலகைதான் போட்டிருக்கிறேன்.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. புது ரோடு போடும் முன் பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எவ்வளவு சுரண்டினார்களோ அவ்வளவுதான் புதிதாகப் போட வேண்டும். ரோட்டின் உயரம் மாறாது. சுரண்டி எடுத்ததும் வீணாகாது. சூடாக்கிப் புதுக் கலவையோடு சேர்த்து மறுபடியும் ரோட்டுக்கே பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டில் 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு இதைத்தான் அதிகாரிகளுக்கு எழுதினார். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி மேலே மேலே போடக்கூடாது என்று அறிவுறுத்தினார். அந்த உத்தரவு புதுச்சேரிக்குச் செல்லாது. நம் அரசு தனி. ஆனால் நல்ல பாடத்தைப் பக்கத்து வகுப்பிலிருந்து கற்றுக்கொண்டால் தப்பா?

"சுரண்டினால் செலவு அதிகம், சின்னத் தெருவுக்குள் இயந்திரம் வராது" என்று சிலர் சொல்வார்கள். சின்னத் தெருவில் ஆட்களை வைத்துக் கொத்தி எடுக்கலாமே. செலவு உண்மைதான். அதோடு இன்னொரு செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டாமா? சென்னையில் சிலர் தங்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகிறது. நம் தெருவில் ஒவ்வொரு வீடும் மண் கொட்டி, படி கட்டி, தரையை உயர்த்துகிறது. அந்தப் பணத்தையெல்லாம் கூட்டினால் சுரண்டும் செலவு பெரிதாகத் தெரியாது. ஆயா மாதிரி உயர்த்த வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இதில் ரோட்டுக்கும் நன்மை உண்டு. தாருக்குத் தண்ணீர்தான் பகை. ஓரத்தில் நின்ற தண்ணீர் உள்ளே இறங்கினால் அடியில் உள்ள மண் இளகும். அதன் மேல் வண்டி ஓடினால் பள்ளம் விழும். ஆகவே வாய்க்கால் ஓடினால்தான் ரோடும் நிலைக்கும்.

இதை யாரிடம் சொல்வது? வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று நமக்கு 5 கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு நீண்ட காலம் தேர்தலே இல்லை. வார்டு உறுப்பினர் இருந்தால் வாசலில் நிறுத்திக் கேட்கலாம். இல்லாவிட்டால் நாமே எழுதிக் கேட்க வேண்டும்.

எனவே உங்களுக்கு வீட்டுப்பாடம்! அடி ஸ்கேலை எடுங்கள். உங்கள் வாசல்படிக்கும் ரோட்டுக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டையும் அளங்கள். தெருவில் ஜல்லி வந்து இறங்கியதும் அந்த நோட்டைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். கொம்யூன் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். "பழைய தாரை எடுத்துவிட்டுப் போடுங்கள். எங்கள் படி இத்தனை அங்குலம்தான் மிச்சம்." இவ்வளவு போதும். எண் இருக்கும் கடிதத்தைத் தள்ளிவைப்பது சிரமம்.

அப்படியே, உங்கள் வீட்டு வாசலில் வாய்க்கால் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியிருந்தால் அப்பாவிடம் கேளுங்கள், "நம்ம தண்ணி யார் வீட்டுக்குப் போகுதுப்பா?"

ஆயா இப்போதும் இட்லி சுடுகிறார். நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். உட்காரப் படி இல்லை.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், பாகூர்