ஒரு துண்டுப் பாண்

“ஒரு துண்டுப் பாண் என்ன செய்துவிடப் போகிறது?” பாணை மறுக்கும் பிள்ளையிடம் உற்றார் அன்போடு கூறும் சொல் இது. சீலியாக் என்னும் குடல்நோய் உடைய பிள்ளைக்கு அவ்வன்பே தீங்காய் முடிகின்றது.

1888ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவுற விவரித்தார். உணவினாலன்றி இது தீராது என்பதை அவர் உணர்ந்தாராயினும், எவ்வுணவு பகை என்பதை அறிந்திலர். அதனைக் கண்டவர் ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கெ. யுத்தத்துக்கு முன்னரே அவர் கோதுமைமீது ஐயங்கொண்டிருந்தார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒல்லாந்தைப் பஞ்சம் வாட்டிற்று, பாண் அருகிற்று. ஊரெல்லாம் மெலிய, இந்நோய்ப் பிள்ளைகளோ தேறினர். பாண் மீண்டு வந்ததும் நோயும் மீண்டது. 1950இல் வெளிவந்த தம் ஆய்வேட்டில் டிக்கெ கோதுமையின் குற்றத்தை நிறுவினார்.

கோதுமை, பார்லி, றை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே காரணம். பரம்பரை இயல்பினால் இந்நோய்க்கு ஆளானோர் அதனை உண்டால், உடலின் காவற்படை தன் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகும். வயிற்றோட்டம், சோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு நலிவு என்பன தொடரும். சிலரிடம் வயிற்றுபாதையே தோன்றாது. சோகையும் சோர்வும் மாத்திரம் காணப்படும். வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்த ஆசிரியர் எத்தனை பேரோ!

ஐயமுற்றோர் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்லலாகாது. அங்ஙனம் நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையும் குடற்சதைப் பரிசோதனையும் நோயை மறைத்துக் காட்டும்.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் பத்தியம் காத்தலே வழி. காத்தால் குடல் பெரும்பாலும் தேறும். பாணையே நம்பி வாழும் ஒல்லாந்தரைக் காட்டிலும் நமக்கு இது எளிது. அரிசி, குரக்கன், உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் யாவும் இயல்பிற் குற்றமற்றவை. ஆயின் நம் அடுக்களையில் கோதுமை மா ஒளிந்திருக்கும் இடங்கள் பல. தோசை மாவிற் கலப்பர், வடையிற் சேர்ப்பர், அரிசிமாப் புட்டென்று பெயர் சொல்லிப் பாதியைக் கோதுமை மாவாற் குழைப்பர். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் அது பெரும்பாலும் உண்டு. ஆதலின் சாம்பாரும் ஐயத்துக்குரியதே. மோல்ட் சேர்ந்த பானங்களில் உள்ளது பார்லி.

உண்டவுடன் வாந்தி வரவில்லை என்பதனால் தீங்கில்லை என்று கொள்ளுதல் தவறு. குடல் ஓசையின்றியே பழுதுறும். எனவே விடுதிச்சாலையில் இத்தகைய மாணவன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்கெனத் தனிச் சட்டியும் தனி அரிதட்டும் வைத்தல் வேண்டும். கோதுமைப் பலகாரம் பொரித்த எண்ணெயில் அவன் அப்பளத்தைப் பொரித்தலாகாது. இதனைச் சலுகையென எண்ணி முகஞ்சுளிப்போர்க்கு நாம் கூறுவது ஒன்றே: நீரிழிவுடையான் இன்சுலினுக்கு ஒப்பானது இவன் சட்டி.