தீவுக்கும் கரைக்கும் நடுவே இரண்டடி



டூர் என்றாலே நமக்குத் தனி உற்சாகம்தான். மூன்று வருஷப் படிப்பில் தியரி மறந்து போகும், பிராக்டிகல் மறந்து போகும், டூர் போனது மட்டும் மறக்காது. அதிலும் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்றால் கேட்கவே வேண்டாம். கடலைத் தாண்டி ஒரு தீவிலே போய்க் கால் வைக்கிற சந்தோஷமே வேறு.

ஆனால் எந்த செட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். எல்லோரும் படகைப் பிடிக்க ஓடும்போது, பைகளுக்குக் காவலாகக் கரையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். காலில் காலிப்பர் போட்டவராக இருப்பார், இல்லையென்றால் ஊன்றுகோல் வைத்திருப்பார். "நீங்க போயிட்டு வாங்கடா, நான் ஏற்கெனவே பார்த்ததுதான்" என்பார். பார்த்திருக்க மாட்டார்.

அவரைக் கரையில் உட்கார வைத்தது எது? 'பாவம், அவர் கால்' என்றுதான் ஊர் சொல்லும். இல்லை, அந்தப் படகுத்துறைதான் என்கிறேன் நான். கால் விஷயம் டாக்டரைச் சேர்ந்தது. படகுத்துறை விஷயம் நம்மைச் சேர்ந்தது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கன்னியாகுமரியையே எடுத்துக்கொள்வோம். 1970-ல் திறக்கப்பட்டது விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம். பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். சிவில் நண்பர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய பாலம் அது. பத்து மீட்டர் அகலத்தில் வீல் சேர் தாராளமாகப் போகும்.

சரி, அந்த வீல் சேர் பாலம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்? கரையிலிருந்து படகிலேதான் போக வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும், துறை அப்படியே நிற்கும். நடுவில் உள்ள இடைவெளி ஒரு நிமிஷம் அரை அடி, அடுத்த நிமிஷம் இரண்டடி. அதைத் தாண்டிக் கால் எடுத்து வைக்க வேண்டும். பாறையில் இறங்கினால் மண்டபத்துக்குப் படிக்கட்டு. கோடிக்கணக்கில் செலவழித்து நடுக்கடலில் பாலம் கட்டிவிட்டோம். கரையோரத்து இரண்டடியில் நம் நண்பர் நின்றுவிட்டார்!

சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில் என்று முதல் வருஷத்திலேயே படித்தோம் அல்லவா? பயணமும் அப்படித்தான். பஸ், துறை, படகு, தீவு, கழிப்பறை என்று இருக்கும் கண்ணிகளில் ஒன்று விட்டுப்போனாலும் மற்றதெல்லாம் வீண்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. ரொம்ப தூரம்கூடப் போக வேண்டாம், பக்கத்து மாநிலத்துக் கொச்சிக்குப் போனால் போதும். 2023 ஏப்ரலில் அங்கே வாட்டர் மெட்ரோ தொடங்கினார்கள். வைப்பின் போன்ற தீவுகளை நகரத்தோடு இணைக்கும் மின்சாரப் படகுகள் அவை. கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியவை. இதில் சூட்சுமம் படகைவிடத் துறையில்தான் இருக்கிறது. அங்கே படகு வந்து அணைவது மிதவை மேடையில். தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் மேடையும் இறங்கும். ஆகவே படகின் தளமும் மேடையின் தளமும் எப்போதும் ஒரே லெவல். வீல் சேர் தானாக உருண்டு உள்ளே போய்விடும். யாரும் தூக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

"கொச்சி காயல் தண்ணீர், அங்கே அலை இல்லை. கன்னியாகுமரி திறந்த கடலாச்சே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே அப்படியே நகல் எடுக்க முடியாதுதான். அலைத் தடுப்புக்கு உள்ளே துறை வேண்டும், கரைக்கும் மிதவைக்கும் நடுவே கீல் வைத்த நடைபாலம் வேண்டும், நீர் மிகத் தாழும் நேரத்திலும் அதன் சாய்வு அளவைத் தாண்டாதபடி நீளம் வைக்க வேண்டும். கஷ்டமான டிசைன்தான். ஆனால் பாம்பனைப் பாருங்கள்! 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, கப்பல் வந்தால் 17 மீட்டர் மேலே ஏறி வழிவிடுகிறது. கப்பலுக்காக ரயில் பாலத்தையே தூக்கத் தெரிந்த நமக்கு, ஒரு வீல் சேருக்காக இரண்டடியைச் சமாளிக்கத் தெரியாதா?

பாம்பனைத் தாண்டிய ராமேஸ்வரத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1988-ல் சாலைப் பாலம் வந்தபிறகு அந்தத் தீவுக்குப் படகோ ரயிலோ இல்லாமல் காரிலேயே போகலாம். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு ரொம்ப காலம் மணலில்தான் போக வேண்டியிருந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. இன்று நடக்கவே முடியாதவர்கூடக் காரில் உட்கார்ந்தபடி நிலம் முடியும் இடத்தைப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிக்காகப் போட்ட சாலை இல்லை அது, எல்லோருக்கும் போட்டது. எல்லோருக்கும் ஒழுங்காகச் செய்தால் அவருக்கும் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி மணல். ஒல்லியான சக்கரம் மணலில் புதையும் என்பது மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடை அதேதான், பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும். பலூன் மாதிரி தடித்த சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலிகள் அந்தக் கணக்கில் வந்தவைதான். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். கட்டினால் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும் என்பதற்கு அது ஒரு உதாரணம். கிரீஸ் நாட்டில் பல கடற்கரைகளில், தீவுகளில்கூட, தண்டவாளம் மாதிரி ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். பெயர் சீட்ராக். சூரிய மின்சாரத்தில் ஓடும் நாற்காலி, உட்கார்ந்தவரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும். அவரே இயக்கிக்கொண்டு போகலாம், திரும்பியும் வரலாம்.

'அவரே' என்ற அந்தச் சொல்தான் முக்கியம். "நாங்க நாலு பேர் இருக்கோம், தூக்கிட்டுப் போயிடுவோம்" என்று நம்மில் பலர் நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் தூக்கப்படுகிறவர் நிலையில் இருந்து பாருங்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். சட்டை ஏறும், செருப்பு நழுவும், வலித்தாலும் சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கலாம் என்று ஆசை இருந்தாலும், தூக்குகிறவர் கிளம்பினால் கிளம்ப வேண்டியதுதான். நண்பனின் தோள் அவசரத்துக்கு உதவும். அதை வைத்துக்கொண்டு அரசாங்கமும் என்ஜினியரும் கை கழுவிவிடக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியே தனியாகப் பேசுகிறது. அதாவது ஊர் சுற்றிப் பார்ப்பதும் சலுகை அல்ல, உரிமை. 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான குறைந்தபட்ச விதிகள் வெறும் யோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்றோம். பெயரை மாற்றினோம், படியை மாற்றினோமா?

"எத்தனை பேர் வரப்போறாங்க, இதுக்கு இவ்வளவு செலவா?" என்பார்கள் சிலர். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். வழி இல்லாத இடத்துக்கு ஆள் வராது. ஆள் வரவில்லை என்று வழி போடாமல் இருந்தால் அந்தக் கணக்கு என்றைக்கும் பூஜ்யம்தான். மேலும் சாய்தளம் அவருக்கு மட்டுமா? முழங்கால் வலியோடு ராமேஸ்வரம் வரும் நம் பாட்டிக்கும், கைக்குழந்தையோடு வரும் அக்காவுக்கும் அதே சாய்தளம்தான்.

நண்பர்களே, நாளைக்கு இந்தத் துறைகளுக்கு டிராயிங் போடப்போவதும், எஸ்டிமேட் எழுதப்போவதும், சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப்போவதும் நாம்தான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. இடம் பத்தவில்லை என்று மேஸ்திரி அதை ஆறடியாகச் சுருக்கும்போது "கூடாது" என்று சொல்லப்போகிறவரும் நாம்தான். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குச் சொல்லாவிட்டால், அப்புறம் முப்பது வருஷத்துக்கு ஒருவரும் அதில் ஏற முடியாது.

நமது மாணவர் பேரவைக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, அடுத்த டூருக்கு இடம் முடிவு செய்யும் முன் "நம்ம கிளாஸில் எல்லோரும் அங்கே கடைசி வரை போக முடியுமா?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். முடியாது என்றால் போன் போட்டு என்ன வசதி உண்டு என்று விசாரியுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அங்கேயும் யோசிப்பார்கள். இரண்டு, இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு குழுவாவது படகுத்துறையை எடுத்துக்கொள்ளட்டும். சிவில் அளக்கட்டும், மெக்கானிக்கல் நடைபாலம் செய்யட்டும், எலக்ட்ரிகல் மோட்டார் வைக்கட்டும்.

பை பார்த்துக்கொள்ள லாக்கர் வாடகைக்குக் கிடைக்கும். அதற்கு ஒரு நண்பர் வேண்டாம்!