ஏமாந்தவர் முட்டாளா?

"படித்தவர்தானே, எப்படி ஏமாந்தார்?" டிஜிட்டல் கைது செய்தி வந்தாலே பலரும் கேட்பது இதைத்தான். லாட்டரி விழுந்ததாக வரும் மின்னஞ்சலில் ஏமாற ஆசை வேண்டும். இதற்குப் பயம் போதும்.

உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் என்பார்கள். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் காவல் நிலையம் போலவே ஓர் அறை. போனை வைக்காதே, வீட்டில்கூட சொல்லாதே என்று மிரட்டுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் பயம் தெளிந்துவிடுமே!

இந்தியச் சட்டத்தில் இப்படியொரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார்.

பணம் போனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். ஆனால் அந்த 'முட்டாள்' பட்டத்துக்குப் பயந்தே பலர் இரண்டு நாள் கழித்து வாய் திறக்கிறார்கள். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும்.