டர்ட்டியா, சாயில்டா?

பெங்களூரில் வளரும் நம்ம பிள்ளைங்களுக்கு எல்லாமே 'டர்ட்டி'தான். சேறு அப்பின செருப்பும் டர்ட்டி, கலைஞ்சு கிடக்கிற மேஜையும் டர்ட்டி. (மேஜை மெஸ்ஸிங்க, அழுக்கில்ல!)

எங்க பேங்க் கவுன்ட்டர்ல இப்படிப் பேசினா காசு போயிடும். பல கை மாறி அழுக்கான நோட்டுக்கு ரிசர்வ் வங்கி வச்ச பேர் 'சாயில்டு'. ரெண்டா கிழிஞ்சு, எதுவும் குறையாம ஒட்டின நோட்டும் சாயில்டுதான், முழுப் பணம். துண்டு குறைஞ்சாலோ, ரெண்டுக்கு மேல கிழிஞ்சாலோ 'மியூட்டிலேட்டட்'. அப்ப 2009 விதிகள் வந்துடும். 500 ரூபாய் நோட்டுன்னா, இருக்கிற பெரிய துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினா முழுசு. 40-லிருந்து 80 வரை பாதி. அதுக்குக் கீழே ஒண்ணுமில்ல. ஒட்டின நோட்டோட வர்ற பூக்காரம்மாவுக்கு நாங்க சொல்லை மாத்திப் போட்டா 250 ரூபாய் நஷ்டமாகலாம்.

எனக்கு சாயில்டு பிடிக்கும். புழங்கினதால வந்த அழுக்கு, யார் மேலயும் பழி இல்ல. டர்ட்டியில அருவருப்பு இருக்கு. தெருக்கூட்டிட்டு வர்ற பௌரகார்மிகர் அம்மாவோட சேலையை நம்ம பிள்ளை டர்ட்டின்னா, அங்கேயே திருத்துங்க.

டிஸ்கி: 'கலீஜு' இங்கே சாதாரணக் கன்னடச் சொல். லீவுக்குச் சென்னை போனா பிள்ளைங்க வாயைக் கவனிச்சுக்கோங்க :-)