கரண்ட் வந்தது, கச்சேரி வரவில்லை

2020 அக்டோபர் 12, காலை 10 மணிவாக்கில் மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் போனது. லோக்கல் ரயில்கள் வழியிலேயே நின்றன. இப்படி ஒரு நாளில் கரண்ட் திரும்பினாலும் செம்பூர் வீட்டுத் தாத்தாவுக்கு டிவியில் கச்சேரி வராது. பாட்டுகளை வீட்டுக்குள் பரிமாறும் மீடியா சர்வரை யாராவது எழுப்ப வேண்டும். பாஸ்வேர்டு தெரிந்த பேரனோ ஆபீசில்.

விண்டோஸின் 'ஸ்டார்ட்அப்' ஃபோல்டரில் போட்ட புரோகிராம், ஆள் லாகின் செய்த பிறகே ஓடும். 'சர்வீஸ்' ஆகப் பதிந்தால் யாருக்கும் காத்திருக்காது. ஜெல்லிஃபின் சர்வரை நிறுவும்போதே இந்த வசதி உண்டு. (படிக்காமல் 'நெக்ஸ்ட்' தட்டுகிறவர்கள்தான் அதிகம்.) லினக்ஸில் 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' என்ற ஒரு வரி போதும்.

ஆனால் கம்ப்யூட்டரே எழாவிட்டால்? மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் ஏற்பாடு பயாஸில் இருக்கிறது. பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். இன்னொரு வில்லங்கம், தனி டிஸ்க். அது தயாராகும் முன் சர்வர் கிளம்பினால் பட்டியல் காலியாகத் தெரியலாம். சண்முகானந்தா கச்சேரிகளைப் பழைய கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருக்கும் மாதுங்கா ரசிகருக்கு வயிற்றைக் கலக்கும். பாட்டுகள் எங்கும் போய்விடவில்லை. சர்வரை ஓரிரு நிமிடம் தாமதமாகக் கிளப்பினால் சரியாகிவிடும்.